சிவப்பு எந்தச் சாம்பல்?

காஞ்சிபுரம் பட்டில் கோர்வைப் புடவைக்குத் தனி மதிப்பு உண்டு. உடலை ஒரு நிறத்திலும் கரையை அதற்கு எதிரான நிறத்திலும் நெய்து, இரண்டையும் தறியிலேயே கோத்து இணைக்கிற வேலை அது. குங்குமச் சிவப்பு உடலும் இலைப்பச்சைக் கரையும் கொண்ட ஒரு கோர்வைப் புடவை மணமேடையில் இருந்தால், மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தும் கரை எடுப்பாகத் தெரியும். அந்தப் படத்தைக் கைபேசியில் திறந்து ‘கறுப்பு-வெள்ளை’ என்ற பொத்தானைத் தட்டினால், கரை காணாமல் போய்விடக்கூடும். உடலும் கரையும் ஒரே சாம்பலாகிவிடும். நடுவில் ஜரிகைக் கோடு மட்டும் மிச்சம் இருக்கும்.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தாளில் போட்டே பார்த்துவிடலாம். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். புடவையின் சிவப்பு 220, 40, 40 என்றும், கரையின் பச்சை 30, 130, 70 என்றும் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். மூன்று எண்களை ஒரே எண்ணாகச் சுருக்க வழக்கமாகப் பயன்படும் விகிதம், வண்ணத் தொலைக்காட்சி வந்த 1950களின் சொத்து. வண்ண ஒளிபரப்பு பழைய கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளிலும் ஒழுங்காகத் தெரிய வேண்டியிருந்ததால், மனிதக் கண்ணின் உணர்திறனைக் கொண்டு அதை வகுத்தார்கள். சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7 சதவீதம், நீலத்தில் 11.4 சதவீதம். இதன்படி பெருக்கிக் கூட்டினால் சிவப்பு உடலுக்குக் கிடைப்பது 94, பச்சைக் கரைக்குக் கிடைப்பது 93. இந்த ஓர் எண் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிரித்தறியாது.

விகிதத்தை மாற்றிப் போட்டால் கதையே மாறுகிறது. சிவப்புக்கு 70, பச்சைக்கு 20, நீலத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால், உடல் 166 என்ற வெளிர்சாம்பலாகவும் கரை 54 என்ற கருஞ்சாம்பலாகவும் பிரிகின்றன. பச்சைக்கு 80 சதவீதம் கொடுத்து மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்து வைத்தாலோ, உடல் 58 ஆக இருண்டு கரை 114 ஆக மேலே எழுகிறது. மூன்றும் ஒரே புடவை, ஒரே படம், ஒரே நொடி. மூன்றில் எதையும் பொய் என்று தள்ள முடியாது. சிவப்புக்கு இன்ன சாம்பல் என்று இயற்கையில் ஒரு விதி கிடையாது. யாராவது தீர்மானிக்க வேண்டும். ஒற்றைப் பொத்தானைத் தட்டுகிறவர் அந்தத் தீர்மானத்தை, அவருடைய படத்தைப் பார்த்தே இராத ஒரு சூத்திரத்திடம் விட்டுவிடுகிறார்.

டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறமே தெரியாது என்பது பலருக்கும் வியப்பளிக்கும். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அளக்கிறது. 1975 டிசம்பரில் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய, கையில் தூக்கக்கூடிய முதல் டிஜிட்டல் கேமரா கறுப்பு-வெள்ளையில்தான் படம் பிடித்தது. நூறுக்கு நூறு என்று மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. அதே ஆண்டு மார்ச்சில், அதே நிறுவனத்தில், பிரைஸ் பேயர் என்ற விஞ்ஞானி ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். சென்சார் புள்ளிகள் ஒவ்வொன்றின் மேலும் நுண்ணிய வண்ண வடிகட்டி ஒன்றை வைக்கும் யோசனை அது. நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். வெளிச்ச வேறுபாட்டிலிருந்துதான் மனிதக் கண் நுணுக்கங்களைப் பிடிக்கிறது, அந்த உணர்வு பச்சையை ஒட்டிய அலைநீளங்களில் உச்சத்தில் இருக்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. 1976இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமையின் வடிவமே இன்றைய கைபேசிகளிலும் கேமராக்களிலும் பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

ஆகவே சென்சார் அளந்த எண்களை அப்படியே சேமிக்கும் ரா கோப்பு என்பது வண்ணப் படம் அல்ல. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே எடுத்த மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்கள் சதுரங்கப் பலகைபோல் பின்னிக் கிடக்கும் எண் அட்டவணை அது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறம்தான் உண்மையாக அளக்கப்பட்டது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் கணித்து நிரப்புகிறது.

மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்களிலிருந்து நிறத்தைக் கட்டும் இந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஒரு கட்டம்போட்ட நாடாவின் படத்தைத் திரையில் காட்டினார். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தாமஸ் சட்டன் எடுத்துக் கொடுத்த மூன்று கறுப்பு-வெள்ளைத் தட்டுகள். அவற்றை அதே வடிகட்டிகள் வழியே ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையிட்டதும் நிறம் தோன்றியது. இதில் ஒரு விசித்திரம் ஒளிந்திருந்தது. அந்தக் காலத்துத் தட்டுகளுக்குச் சிவப்பு ஒளியே தெரியாது. அப்படியானால் சிவப்புத் தட்டில் எப்படிப் படம் விழுந்தது? நூறு ஆண்டுகள் கழித்து, 1961இல், கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸ் சோதித்து விடை சொன்னார். நாடாவின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் பிரதிபலித்தது. சட்டன் பயன்படுத்திய வடிகட்டி அதையும் கசியவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒளி, சிவப்பின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிவப்பு தெரியாத தட்டுகளால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைப்படங்களே ஒரு தனி உலகமாயின. நீல வானம் வெறும் வெள்ளைத் தாளாகப் பதிவானது, மேகங்கள் மறைந்தன. 1850களில் கடற்காட்சிகளை எடுத்த பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு இன்னொரு நெகட்டிவும் வைத்து ஒரே தாளில் அச்சிட நேர்ந்தது இதனால்தான். 1873இல் ஜெர்மனியின் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், தட்டில் சாயம் சேர்த்தால் பச்சை ஒளியும் பதியும் என்று கண்டறிந்தார். சிவப்பு வரை எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் தட்டுகளை 1906இல் ராட்டன் அண்டு வெய்ன்ரைட் என்ற ஆங்கிலேய நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சினிமாவில் அந்த மாற்றம் மனித முகத்தோடு சம்பந்தப்பட்டதாக இருந்தது. பழைய ஃபிலிம் சிவப்பையும் பழுப்பையும் இருட்டாக்கிவிடும். சமோவா தீவு மக்களைப் படம்பிடிக்கப் போன ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி, அவர்களின் பழுப்பு நிறத் தோலின் நெளிவுசுளிவுகள் அதில் மங்கிப்போவதைக் கண்டு பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்கு மாறினார். 1926இல் வெளிவந்த ‘மோவானா’ அப்படி உருவான படம்.

எல்லா நிறமும் பதியத் தொடங்கியதும், எந்த நிறத்தை எவ்வளவு பதிப்பது என்ற அதிகாரம் லென்ஸின் முன் மாட்டும் வடிகட்டிக்கு வந்தது. இந்த அதிகாரத்தை முழுதாகப் புரிந்துகொண்டவர் ஆன்ஸல் ஆடம்ஸ். 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் என்னும் பிரம்மாண்டமான பாறை முகத்துக்கு எதிரே, பனி மூடிய சரிவில் ஏறி அவர் கேமராவை நிறுத்தினார். அப்போது வயது 25. முதுகில் சுமந்து வந்த கண்ணாடித் தட்டுகளில் கைவசம் மிஞ்சியவை இரண்டுதான். முதல் தட்டை வழக்கமான மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். எடுத்த கையோடு, வானம் தான் மனத்தில் உணர்ந்ததுபோல் வராது, பாறையின் கம்பீரம் வெளுத்துப் போகும் என்று அவருக்குப் பட்டது. கடைசித் தட்டுக்கு முன்னால் அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டி, ஐந்து விநாடி ஒளி விழ விட்டார். ‘மோனோலித், ஹாஃப் டோமின் முகம்’ என்ற அந்தப் படத்தில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. அதன் முன் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. இரண்டு தட்டுகளுமே இன்று அச்சில் கிடைக்கின்றன; பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் இந்தத் துறையில் இல்லை.

அந்த வடிகட்டி செய்தது என்ன? காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கின்றன. லார்ட் ராலே கண்ட விதிப்படி, அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கில் கூடும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. வானத்திலிருந்து வரும் ஒளியில் சிவப்பு குறைவு என்பதால், சிவப்பை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிக்கு வானம் இருட்டு. இன்னொன்றும் நடக்கிறது. வெயிலில் நிழல் விழுந்த இடங்களுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தான். அந்த நீலத்தையும் தடுத்துவிடுவதால் நிழல்களும் ஆழமாகின்றன. ஆடம்ஸின் படத்தில் பாறையின் நிழல் பக்கத்துக்கு வந்த கனம் இந்த இரண்டாவது காரணத்தால்.

ஆடம்ஸுக்கு இருந்தது ஒரே ஒரு தட்டு. ரா கோப்பு வைத்திருப்பவருக்கு அந்த முடிவை வீட்டுக்கு வந்து, நிதானமாக எடுக்கும் வசதி இருக்கிறது.

லைட்ரூம் மென்பொருளின் கறுப்பு-வெள்ளைப் பகுதியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலம், நீலம், ஊதா, மெஜந்தா என எட்டு ஸ்லைடர்கள் உண்டு. நீல ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்தால் வானம் மட்டும் இருளும். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபி இரண்டிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களுக்கும் நேரடியாக விகிதம் கொடுக்கலாம். முன்பு பார்த்த புடவைக் கணக்கின் அதே யோசனைதான் அங்கே வேலை செய்கிறது.

ஸ்லைடர்களோடு பழகியவர்கள் முதலில் திகைக்கும் இடம் புல்வெளி. பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் புல் அவ்வளவாக அசைவதில்லை. மஞ்சளைத் தொட்டதும் துள்ளி எழுகிறது. இலையின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சுகிறது என்பது பள்ளிப் பாடம். ஆனால் வெயில் பட்ட இலையிலிருந்து திரும்பும் ஒளி பச்சையிலிருந்து மஞ்சள் வரை பரவியிருக்கிறது. மென்பொருளின் நிறச் சக்கரத்தில் அது பெரும்பாலும் மஞ்சளின் பங்கில் போய் விழுகிறது. நாற்று நட்ட வயலும் முற்றிய வயலும் தனித்தனிச் சாம்பலாகத் தெரிய வேண்டுமென்றால், வேலை நடக்க வேண்டிய இடம் இந்த மஞ்சள்-பச்சை எல்லைதான்.

முகத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் நுட்பமானது. தோலுக்கு நிறம் தருபவை முக்கியமாக இரண்டு. மெலனின், நீலப் பக்கத்து ஒளியை அதிகமாக உறிஞ்சும். சிவப்பை ஓரளவு திருப்பி அனுப்பும். இரத்தத்தின் ஹீமோகுளோபின் நீலத்திலும், பச்சையில் 540 முதல் 580 நானோமீட்டர் வரையிலும் ஒளியை விழுங்கும். சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். இதனால் ஒரே முகத்தின் மூன்று சேனல்களையும் தனித்தனியே திறந்து பார்த்தால், மூன்று வெவ்வேறு மனிதர்கள் போல இருக்கும். சிவப்புச் சேனலில் பரு, மச்சம், சிவந்த திட்டு எல்லாம் கரைந்து முகம் மெழுகாக வழவழக்கும். பச்சையில் சாதாரணமாகப் பார்க்கும் முகம். நீலத்தில் ஒவ்வொரு தழும்பும் சுருக்கமும் உரக்கப் பேசும்.

சிவப்பையும் ஆரஞ்சையும் ஏற்றினால் எந்தத் தோலும் வெளுக்கும். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மாநிற மணப்பெண்ணும் கறுத்த மாப்பிள்ளையும் கறுப்பு-வெள்ளைப் பக்கத்தில் மட்டும் சுண்ணாம்பு நிறத்தில் நிற்பது பல நேரம் இந்த ஒரு இழுப்பின் விளைவு. அது அழகு சேர்ப்பதில்லை. கன்ன எலும்பின் மேடு, நெற்றியின் பளபளப்பு, தாடை ஓரத்து நிழல் என்று கறுத்த தோலில் ஒளி செதுக்கும் வடிவங்கள் அத்தனையும் அதில் தட்டையாகின்றன. பச்சைச் சேனலின் பங்கைக் கூட்டி, மொத்த வெளிச்சத்தை வேண்டிய அளவு மட்டும் உயர்த்தினால் முகம் தன் நிறத்தோடும் வடிவத்தோடும் நிற்கும். ஃபிளாஹெர்ட்டி நூறு ஆண்டுகளுக்கு முன் ஃபிலிமை மாற்றித் தேடிய அந்த நெளிவுசுளிவுகளை, இன்று ஸ்லைடரால் அழிப்பது பெரும் இழப்பு.

இவ்வளவையும் ஜேபெக் கோப்பில் செய்ய முடியாதா? ஓரளவு முடியும்; சீக்கிரமே முட்டிக்கொள்ளும். ஜேபெக் ஒவ்வொரு சேனலிலும் 256 படிகளைத்தான் வைத்திருக்கிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். அதைவிட முக்கியமானது, ஜேபெக் இடத்தைச் சேமிக்கும் முறை. கண் நிற நுணுக்கத்தை அதிகம் கவனிக்காது என்ற நம்பிக்கையில், வெளிச்சத் தகவலை முழு அளவிலும் நிறத் தகவலைப் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்தும் அது சேமிக்கிறது. வண்ணப் படத்தில் இது தெரியாது. கறுப்பு-வெள்ளையில் நிறத் தகவலைத்தான் வெளிச்சமாக மாற்றுகிறோம் என்பதால், குறைந்து கிடந்தது மேலே வந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தில் நீலத்தை நன்றாக இருட்டாக்கிப் பாருங்கள். வானம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள் முளைக்கும்.

ரா கோப்புக்கும் எல்லை இருக்கிறது. சிவப்புக்கு 200, பச்சைக்குக் கழித்தல் 60, நீலத்துக்குக் கழித்தல் 40 சதவீதம் என்று வானத்தைக் கறுப்பாக்கும் ஆசையில் ஒருவர் விகிதம் போடுகிறார் என்று கொள்வோம். கூட்டினால் 100 வருகிறது. படத்தின் வெளிச்சத்துக்குப் பாதகமில்லை. ஆனால் ஒவ்வொரு சேனலிலும் இருக்கும் இரைச்சல், அதாவது புள்ளிபுள்ளியாகத் தெரியும் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம், இப்படிக் கூடிக் கழிவதில்லை. கழித்தல் குறி அதைக் குறைக்காது. விகிதங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்த அளவுக்கு அது நிற்கும். மூன்று சேனல்களிலும் இரைச்சல் சமம் என்று வைத்தால், வழக்கமான விகிதத்தோடு ஒப்பிடும்போது இங்கே இரைச்சல் சுமார் மூன்று மடங்கு. அதோடு சிவப்புக்கும் நீலத்துக்கும் சென்சாரில் கால் பங்குப் புள்ளிகள்தான் இருக்கின்றன. குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நீலம் ஏற்கெனவே பட்டினி கிடக்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் திருத்தம் அதைப் பெருக்கித்தான் சமப்படுத்தியிருக்கும். அந்த நீலத்தை மேலும் தூண்டினால் முகத்தில் திட்டுத் திட்டாகப் பூக்கும்.

எனவே வரிசை முக்கியம். வெளிச்ச அளவு, ஒயிட் பேலன்ஸ், லென்ஸ் குறை திருத்தம், நிற இரைச்சலைத் தணிப்பது ஆகியவற்றை வண்ணத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. நிற இரைச்சலை விட்டுவைத்தால், மாற்றத்துக்குப் பிறகு அது வெளிச்ச இரைச்சலாக உருமாறி, பிரிக்க முடியாதபடி படத்தோடு ஒட்டிக்கொள்ளும். லென்ஸால் பொருள்களின் விளிம்புகளில் வரும் ஊதாக் கசிவும் அப்படித்தான். ஊதாவை இருட்டாக்கினால் கிளைகளைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழும். ஒயிட் பேலன்ஸைப் பலர் கறுப்பு-வெள்ளைக்குத் தேவையில்லாதது என்று தாண்டிப் போகிறார்கள். ஆனால் சேனல்களின் கலவை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. ஒயிட் பேலன்ஸின் வெப்ப ஸ்லைடரை நீலப் பக்கமோ மஞ்சள் பக்கமோ நகர்த்தினால் சாம்பல்கள் எல்லாம் இடம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வண்ண வடிகட்டியே இல்லாத கேமராக்களும் வந்துவிட்டன. லைக்கா 2012இல் எம் மோனோக்ரோமையும், பென்டாக்ஸ் 2023இல் கே-3 மார்க் 3 மோனோக்ரோமையும் கொண்டுவந்தன. வடிகட்டி விழுங்கும் ஒளி மிச்சமாவதால், லைக்காவின் எம்9 கேமராவில் 160 ஆக இருந்த அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன் எண், அதன் மோனோக்ரோம் வடிவத்தில் 320 ஆயிற்று. பக்கத்துப் புள்ளியைப் பார்த்து ஊகிக்கும் வேலை இல்லாததால் கூர்மையும் கூடுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், சிவப்புப் புடவையும் பச்சைக் கரையும் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதைப் படம் எடுக்கும் முன்பே வடிகட்டி மாட்டித் தீர்மானித்துவிட வேண்டும். இன்னொரு சிக்கல், மிகை வெளிச்சம். வண்ணச் சென்சாரில் வெள்ளை மேகத்தில் பச்சை நிரம்பி வழிந்தாலும், சிவப்பிலோ நீலத்திலோ கொஞ்சம் விவரம் தப்பியிருக்கும். மென்பொருள் அதைக் கொண்டு மீட்கும். மோனோக்ரோமில் வழிந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். நிலக்காட்சியும் கல்யாணமும் கலந்து எடுப்பவருக்கு வண்ணச் சென்சாரே பொருத்தம்.

சாதாரண கேமராவிலும் ஒரு வசதி இருக்கிறது. படத்தின் பாணியை ‘மோனோக்ரோம்’ என்று அமைத்து, கோப்பை ரா வடிவில் சேமித்தால், திரையிலும் மின்னணு வ்யூஃபைண்டரிலும் காட்சி கறுப்பு-வெள்ளையாகத் தெரியும். கோப்பிலோ முழு நிறத் தகவலும் பத்திரமாக இருக்கும். நிறத்தின் கவர்ச்சியில் மயங்காமல் ஒளியையும் வடிவத்தையும் பார்த்து எடுக்க இது உண்மையில் உதவுகிறது.

சேனல் விகிதம் முடிந்தபின் மிஞ்சுவது, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படத்தை எங்கெங்கே நிறுத்துவது என்ற வேலை. ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த மண்டல முறை இங்கே இன்றும் கைகொடுக்கிறது. முழுக் கறுப்பு பூஜ்ய மண்டலம், தூய வெள்ளை பத்தாவது, நடுச்சாம்பல் ஐந்தாவது. நிழலில் விவரம் தெரிய வேண்டிய இடம் மூன்றாவது மண்டலத்துக்குக் கீழே போகக் கூடாது. மென்பொருளில் வெளிச்ச அளவுகளை மாற்றும் வளைகோட்டைக் கையாளும்போது இந்த எண்களை மனத்தில் வைத்திருப்பவர், கான்ட்ராஸ்ட் ஸ்லைடரைக் குத்துமதிப்பாக இழுப்பவரைவிட விரைவாக வேலையை முடிப்பார். ரா கோப்பில் நிழலுக்குக் கிடைக்கும் படிகள் குறைவு என்பதும் நினைவில் இருக்கட்டும். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுவதால், 16,384 படிகளில் பாதியான 8,192 படிகள் மிகப் பிரகாசமான ஒரே ஸ்டாப்புக்கு, அதாவது ஒளி இரட்டிப்பாகும் ஒரே இடைவெளிக்கு, போய்விடுகின்றன. அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று கீழே போகப் போகச் சுருங்கும். வெண்மை வழியாத அளவுக்குச் சற்று அதிக வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, பிறகு மென்பொருளில் இறக்குவது நிழல்களுக்கு நல்லது.

முடிவில் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும்போது 8 பிட்டில் கொடுத்தால், கருமையாக்கிய வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிய வாய்ப்பு உண்டு. அச்சகம் ஏற்றுக்கொண்டால் 16 பிட் டிஃப் கோப்பாகக் கொடுப்பதே பாதுகாப்பு. வானமும் மரக்கிளையும் சந்திக்கும் விளிம்புகளை நூறு சதவீதப் பெரிதாக்கத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நீல ஸ்லைடரை அளவுக்கு மீறி இழுத்திருந்தால் அங்கேதான் வெள்ளை வளையம் காட்டிக்கொடுக்கும். அப்படி வளையம் தெரிந்தால் ஸ்லைடரைப் பாதிக்குத் தளர்த்தி, மீதி இருட்டை வானத்தின் மேல் ஒரு மென்மையான முகமூடி (மாஸ்க்) போட்டுச் சேர்த்தால் போதும்.